மில் சாப்பாட்டுக்கு ஒரு குட்டியானை: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கேள்வி: திண்டுக்கல்லில் ஒன்பது வருடமாகச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று போன வருடம் 95 நாள் வண்டி தேவைப்பட்டது. டிரைவர், டீசல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,600 ரூபாய் என்று குட்டியானையை (சின்னச் சரக்கு வண்டியை) கூப்பிட்டுக்கொள்கிறேன். இப்போது வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் தினமும் 110 மதியச் சாப்பாடு கேட்கிறார்கள். மாதம் 26 நாள், ஒரு சாப்பாடு 65 ரூபாய். செலவு போக 12 ரூபாய் நிற்கும். ஆவணியில் ஆரம்பிக்க வேண்டும். புது வண்டி ஆன்ரோடு 6,60,000. கையில் 1,60,000 இருக்கிறது. மீதி 5 லட்சத்துக்கு ஃபைனான்ஸில் பத்து வட்டி, மாதம் 14,583 வீதம் 48 டியூ (தவணை) என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தன் வண்டியை டிரைவர் இல்லாமல் மாதம் 17,000 வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் 2 லட்சம் கொடுத்து இரண்டு வருடம் லீசுக்கு ஓட்டிக்கொள்ளுங்கள், முடிந்ததும் முழுப் பணமும் திரும்ப என்கிறார். வாடகை என்றால் வரி மிச்சம் என்றும் சொல்கிறார்கள். வருட விற்றுமுதல் 26 லட்சம், ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறது. வண்டியை மச்சான் ஓட்டுவார். எதை எடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 2 லட்சம் லீசை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டையும் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

வீட்டை ஒத்திக்குப் பிடிப்பது போல வண்டியையும் ஒத்திக்குக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் பரவியிருக்கிறது. வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை, பணமும் திரும்ப வரும் என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு இருந்த இடத்தில் இருக்கும். வண்டி இருக்காது. இப்படி லீசுக்கு வருகிற வண்டிகளில் பலவற்றின் மேல் ஏற்கெனவே கடன் ஓடிக்கொண்டிருக்கும். வண்டிக்காரர் உங்கள் 2 லட்சத்தை வாங்கி வேறு அவசரத்துக்குப் போட்டுவிட்டு, டியூ கட்டாமல் விட்டால் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தேடி வருவார்கள். வண்டி யார் கையில் இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை.

என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. 1,75,000 கொடுத்து எடுத்த வண்டி. நான்காவது மாதம் ஒரு டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனவர் திரும்பி வந்தபோது வண்டி இல்லை. பின்னால் இரண்டு அண்டா, ஒரு கிரைண்டர், மறுநாள் விசேஷத்துக்கு வாங்கிய பதினைந்து கிலோ சின்ன வெங்காயம். பாத்திரங்களை மட்டும் மீட்கவே மூன்று நாள் அலைந்தோம். வெங்காயம் அதற்குள் வெந்து போயிருந்தது. கொடுத்த பணம் இன்றுவரை வரவில்லை. கையில் இருந்தது இருபது ரூபாய் பத்திரத்தில் இரண்டு கையெழுத்து மட்டும்தான்.

சந்தேகம் இருந்தால் அந்த வண்டியின் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். ஹைப்போதிகேஷன் என்ற இடத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை, அல்லது முடிந்தும் பெயரை நீக்கவில்லை என்று அர்த்தம். ஆர்.சி.யைக் காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

சரி, இனி வாங்குவதா, மாத வாடகையா?

எல்லாரும் டியூவையும் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். 14,583 ஒரு பக்கம், 17,000 ஒரு பக்கம். அப்படிப் பார்த்தால் வாங்குவதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் வாடகை வண்டியில் இன்ஷூரன்ஸ், ரோடு வரி, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), டயர், பெரிய ரிப்பேர் எல்லாம் வண்டிக்காரர் தலையில். சொந்த வண்டியில் அத்தனையும் உங்கள் தலையில். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டுமே 2022 அறிவிப்பின்படி 16,049 ரூபாய், வரி தனி. அதோடு வண்டிக்கான காப்பீடும் சேர்ந்தால் வருடம் 28,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காப்பீட்டோடு டயர், பேட்டரி, சர்வீஸ், எஃப்.சி. எல்லாம் சேர்த்துச் சராசரியாகப் பிரித்தால் மாதம் 5,400 ஆகிறது. அதாவது சொந்த வண்டி மாதம் 20,000 தொடும்.

நான்கு வருடத்துக்குப் போட்டுப் பார்த்தேன். சொந்த வண்டிக்கு முன்பணம் 1,60,000, டியூ 7,00,000, பராமரிப்பு 2,59,200. மொத்தம் 11,19,200. நான்கு வருடம் கழித்து வண்டி 2,75,000 போகும் என்று அடக்கமாகவே வைக்கிறேன். அதைக் கழித்தால் 8,44,200. வாடகை 48 மாதம் ஏறாமல் இருந்தால் 8,16,000. வித்தியாசம் 28,200, மாதத்துக்கு அறுநூறு ரூபாய்கூட இல்லை. டீசலும் மச்சான் சம்பளமும் இரண்டுக்கும் பொது.

ஆகவே வாடகையா சொந்தமா என்பது உங்கள் விஷயத்தில் பெரிய கேள்வி இல்லை. அதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன.

ஒன்று, அந்தப் பத்து வட்டி. 5 லட்சத்துக்குப் பத்து வட்டி, நான்கு வருடம், 48 டியூ, மாதம் 14,583 என்றால் அது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருவீர்கள், ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 5 லட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் அது பதினேழரை சதவீதத்துக்கு வருகிறது. இதே 5 லட்சம் வங்கியில் குறையும் அசலில் பத்தரை சதவீதத்துக்குக் கிடைத்தால் மாதத் தவணை 12,800 சுற்றித்தான். நான்கு வருடத்தில் 85,000 ரூபாய் மிச்சம். பத்து என்று சொல்லும் கடன் பத்தரை என்று சொல்லும் கடனைவிட 85,000 ரூபாய் கூடுதலாகப் பிடிக்கிறது. வங்கிக் கடன் என்றால் மேலே போட்ட கணக்கும் திரும்பிவிடும். அப்போது சொந்த வண்டிதான் வாடகையைவிட 57,000 ரூபாய் மலிவு.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு, கையெழுத்துக்கு முன்பே கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு எண் இருக்கும். வட்டி, பிராசஸிங் கட்டணம், டாக்குமென்ட் செலவு எல்லாம் சேர்த்த உண்மையான வருட விகிதம் அது. வாயால் சொல்லும் வட்டியை விட்டுவிட்டு இரண்டு இடத்து ஏ.பி.ஆரை மட்டும் ஒப்பிடுங்கள். முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே பாருங்கள். வண்டிக் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் வருவதால் அங்கே ஒரு தொகை உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி, அந்த மில் சாப்பாடு. உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது இங்கேதான்.

110 சாப்பாடு, 12 ரூபாய், 26 நாள். மாதம் 34,320 நிற்கிறது. இப்போது வண்டிச் செலவு. வாடகை 17,000. போக வர 36 கிலோமீட்டர் என்று வைத்தால் தினம் இரண்டு லிட்டர் டீசல், மாதம் 5,000. மச்சானுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று எழுதவில்லை. உறவு என்பதற்காகக் கணக்கில் விட்டுவிடாதீர்கள், 12,000 என்று போடுகிறேன். மொத்தம் 34,000. அதாவது மில்லில் நிற்கிற பணம் முழுக்க வண்டிக்கே போகிறது. மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது 320 ரூபாய்.

பயப்பட வேண்டாம், கணக்கு அதோடு முடியவில்லை. வண்டி கையில் இருப்பதால் கல்யாண வேலைக்கு 1,600 கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 95 நாளும் மிச்சம் ஆகாது. பழனியிலோ மதுரையிலோ மண்டபம் என்றால் பன்னிரண்டரை மணிக்கு வண்டி வேடசந்தூரில் நிற்க முடியாது. அந்த மாதிரி இருபது நாளுக்கு வெளிவண்டி கூப்பிடத்தான் வேண்டும். மீதி 75 நாளுக்கு வருடம் 1,20,000 மிச்சம். டீசல் போக மாதம் 8,000 போல வரும். இந்த எட்டாயிரம்தான் உங்களுக்கு வண்டியினால் வரும் உண்மையான லாபம். மில் ஆர்டர் நின்றால் அது அன்றைக்கே மறைந்துவிடும், வாடகையோ டியூவோ மட்டும் தொடரும்.

அதனால் வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மில்லில் போய்ப் பேசுங்கள். ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேளுங்கள். 65 என்பது 67. அவர்களுக்கு அது பெரிய தொகை இல்லை. உங்களுக்கு மாதம் 5,720. எந்த வண்டி, எந்தக் கடன் என்று எவ்வளவு அலசினாலும் இந்த அளவு மிச்சம் பிடிக்க முடியாது. கூடவே ஆர்டரை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடம், தினம் குறைந்தது இத்தனை சாப்பாடு, நிறுத்துவதானால் ஒரு மாதம் முன்னறிவிப்பு, பணம் எத்தனை நாளில். கேன்டீன் மேனேஜர் நல்லவராக இருக்கலாம். அவர் மாறிவிட்டால் வருகிறவருக்கு உங்களைத் தெரியாது.

பணம் வருகிற விஷயத்தில் ஒரு சின்ன உதவி. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசு இணையதளத்தில் இலவசம், ஏஜென்ட் தேவையில்லை. பதிவு இருந்தால் மில்காரர்கள் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் கொடுக்கும் வரை அந்தச் செலவை அவர்கள் தங்கள் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. மில்லின் ஆடிட்டரே உங்கள் பில்லை முன்னால் எடுத்து வைப்பார்.

இதையெல்லாம் வைத்து என் ஆலோசனை: ஆவணியில் வாடகை வண்டியோடு ஆரம்பியுங்கள். ஆறு மாதம். தை முடியும்போது நிலவரம் தெரிந்துவிடும். இடையில் ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணங்களும் வரும், புரட்டாசியும் மார்கழியும் வரும். வேலை குவிகிற மாதத்தில் வண்டி தாங்குகிறதா, வேலை இல்லாத மாதத்தில் 17,000 கொடுக்கும்போது கை நடுங்குகிறதா என்று இரண்டையும் பார்த்துவிடுவீர்கள். ஒத்துவரவில்லை என்றால் ஒரு மாத நோட்டீஸில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். புது வண்டியை அப்படிக் கொடுக்க முடியாது. ஆறு மாதத்தில் விற்றாலும் ஷோரூம் விலையில் பெரிய துண்டு போய்விடும், உங்கள் 1,60,000 அதோடு கரைந்துவிடும். வங்கிக் கடனில் வாங்குவது கொஞ்சம் மலிவாக வந்தாலும் இப்போதைக்கு வாடகை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்தப் பணம் ஒன்பது வருடம் அடுப்படியில் நின்று சேர்த்தது. ஆர்டர் நிலைக்கும் என்று தெரியாமல் அதை இறக்க வேண்டாம்.

இந்த ஆறு மாதமும் வீணாகாது. கல்யாண வேலைப் பணத்தில் எவ்வளவு கையில் வாங்குகிறீர்களோ தெரியாது, முடிந்தவரை வங்கியில் போடுங்கள். மில்லிலிருந்து மாதாமாதம் கணக்கில் பணம் ஏறுவதைக் காட்டினால் வங்கி மேனேஜர் பேசும் விதமே மாறும். முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, தருண் பிரிவில் 10 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கேட்கலாம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இரண்டு வருட வருமான வரி ரிட்டர்ன், மில்லின் ஆர்டர் கடிதம், வண்டிக் கொட்டேஷன், இவ்வளவும் கையில் இருக்கட்டும். மாசியில் போய்க் கேளுங்கள். வாடகை வண்டியே பிடித்துப்போய் வண்டிக்காரர் விற்கத் தயாராக இருந்தால் அதையும் யோசிக்கலாம். ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பழைய வண்டி, முன்பின் தெரியாத பழைய வண்டியைவிட மேல்.

வரியைப் பற்றிச் சொன்னவர்கள் உங்கள் கணக்கைப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அனுமான வருமான முறையில் ரிட்டர்ன் போடுகிறீர்கள் என்றால், விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த பகுதிக்கு 6 சதவீதம் வருமானம் என்று காட்டுகிறீர்கள். அதில் வாடகையையும் தனியாகக் கழிக்க முடியாது, வட்டியையும் தேய்மானத்தையும் கழிக்க முடியாது. எதுவானாலும் ஒன்றுதான். மேலும் புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரியே வராது. உங்கள் தொழிலில் மில்லையும் சேர்த்தாலும் அந்த வரம்புக்குக் கீழேதான் நிற்பீர்கள். கட்டாத வரியில் மிச்சம் பிடிக்க முடியாது.

ஜி.எஸ்.டி.யும் அப்படியே. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு 28 சதவீதம் 18 ஆகக் குறைந்தது, அந்த விலைக்குறைப்பு உங்கள் கொட்டேஷனில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஷோரூமில் சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது. கேட்டரிங்குக்கு 5 சதவீதம் கட்டுபவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது.

மச்சானுடைய லைசென்ஸ் எல்.எம்.வி. (இலகுரக வாகனம்) என்றால் போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்ட லைசென்ஸில் தனியாகக் கமர்ஷியல் பதிவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் வேண்டாம், குட்டியானை அதற்குள் அடங்கும். அவசரத்துக்கு யாராவது வெள்ளை போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிவான) ஆம்னியைத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இனி வாடகை ஒப்பந்தம். தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். முதலில் இவருடைய ஆர்.சி.யையும் பாருங்கள். இவர் வண்டியிலும் கடன் இருந்தால் டியூ ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று மாதாமாதம் ரசீது காட்டச் சொல்லுங்கள். வருத்தப்பட மாட்டார், படுபவராக இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எந்தத் தேதி வரை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வண்டி வாடகைக்கு உங்களிடம் இருப்பதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அவர் எழுத்தில் தெரிவிக்கட்டும். பஞ்சர், ஆயில் மாற்றுவது உங்களுடையது, கிளட்ச், கியர், டயர் அவருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். எடுக்கும் நாளில் வண்டியைச் சுற்றி வந்து செல்போனில் வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிவையுங்கள். வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள்.

இரண்டு வரிகளை மட்டும் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, வண்டி நின்றுபோனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் மாற்று வண்டி, இல்லையென்றால் அன்றைய வெளிவண்டிச் செலவு வாடகையில் கழிவு. 110 பேர் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு கிளட்ச் கதை தேவையில்லை. இன்னொன்று, உங்களிடம் இருக்கும்வரை அந்த வண்டியில் வேறு யாரும் வேறு எதுவும் ஏற்றக்கூடாது. இரவில் சும்மாதானே நிற்கிறது என்று அவர் கேட்டாலும் கூடாது. போன வருடம் என் அலுவலகத்துக்கு எதிர் மண்டபத்தில் பார்த்தேன். சாம்பார் அண்டா ஏற்ற வந்த வண்டியின் தகரத் தளத்தில் கோழி இறகு ஒட்டியிருந்தது. சமையல்காரர் ஒன்றும் பேசாமல் நான்கு குடம் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்து, தார்ப்பாய் விரித்து, அதன்மேல் அண்டாவை ஏற்றினார். அரை மணி நேரம் போய்விட்டது, வாடை போகவில்லை. தினம் மில்லுக்குச் சோறு போகும் வண்டியில் அது ஒருநாள் நடந்தாலும் ஆர்டர் போய்விடும்.

மில் ஆர்டர் கடிதத்தின் நகலையும் வாடகை ஒப்பந்தத்தின் வரைவையும் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.